எலிகளுக்குச் சம்பந்தம் பேசியவன்

என் வாழ்நாளில் நானே முன்னின்று நடத்திய கல்யாணங்கள் நான்கு. நான்கிலும் மாப்பிள்ளை எலி, பெண்ணும் எலி. (சிரிக்க வேண்டாம். முகூர்த்தம் பார்த்துத்தான் செய்தேன்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் துடியலூரில் ஒரு டாக்டரிடம் உதவியாளாக இருந்தேன். சீமையில் படித்துவிட்டு வந்த அவர், பங்களாவுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை போட்டு வெள்ளெலிகளை வளர்த்தார். அவருக்கு ஒரே கேள்விதான். ஒரே மண்ணில் விளையாடும் குழந்தைகளில் ஒன்றுக்கு வயிறு நிறையப் பூச்சி, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. இது வம்சத்தில் இறங்குவதா? மேல் அடுக்கில் ஒரு வம்சம், கீழ் அடுக்கில் ஒரு வம்சம் என்று பிரித்து வளர்த்தார். மேல் அடுக்குக் கூண்டு எலிகளுக்குப் பூச்சி முட்டையைத் தீனியில் கலந்து கொடுத்தாலும் வயிற்றில் அதிகம் தங்காது. கீழ் அடுக்கு எலிகளுக்கு மொய்த்துவிடும். கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் என் வேலை. ஊரில் மட்டும் நான் ‘லேபரட்டரி உத்தியோகஸ்தன்’. அந்தப் பட்டத்தை நம்பித்தான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு புண்ணியவான் எனக்குப் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒரு தை மாதம் டாக்டர் பத்து நாள் பயணமாக மதராசுக்குக் கிளம்பினார். “இதுல இருக்கறபடி ஜோடி சேர்த்து வெச்சுரு கண்ணு” என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். அதுவரை அந்த வேலையை அவரேதான் செய்வார். சீட்டைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. நான்கு ஜோடி, நான்கிலும் அண்ணனுக்குத் தங்கச்சி!

எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பங்காளிகள். முகமே பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை முறைதான். கூட்டம் விட்டுக் கூட்டம்தான் பெண் எடுப்போம். இங்கேயோ ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! படித்த மனுஷர், பாவம், அவசரத்தில் கவனிக்காமல் எழுதிவிட்டார், நாம் திருத்தி வைப்போம் என்று முடிவு செய்தேன். (இருபத்திரண்டு வயதில் எனக்கிருந்த அறிவை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.)

மேல் அடுக்கு ஆண்கள் இரண்டைக் கீழே இறக்கினேன். கீழ் அடுக்கு ஆண்கள் இரண்டை மேலே ஏற்றினேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்தாயிற்று. நாளைக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்தக் கூட்டம் என்று தெரிய வேண்டாமா? எந்த மாப்பிள்ளை, எந்தக் கூண்டு, என்ன தேதி என்று பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்தும் வைத்தேன். ஒன்பதாம் நாள் மாப்பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். டாக்டர் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

குட்டிகள் பிறந்து வளர்ந்தன. பூச்சி முட்டை கொடுத்து, உரிய நாள் கழித்து, டாக்டர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எண்ணினார். கீழ் அடுக்குக் குட்டிகளின் வயிற்றில் பூச்சியே அகப்படவில்லை. ஒன்று, இரண்டு என்று ஏழு குட்டிகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“மூணு வருஷம் போச்சு. நான் நெனச்சதே தப்பு. எல்லாத்தையும் ஏறக்கட்டிப்போடலாம்” என்றார்.

கொட்டகையை மூடினால் என் வேலை போகும். உண்மையைச் சொன்னாலும் வேலை போகும். வேலை போனால் கோபியில் பெண்ணும் போகும். ஆனால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

“ஏனுங்க டாக்டர்... அந்தக் குட்டிகளுக்கு அப்பன் வேறீங்க.”

“என்னது?”

“அண்ணனுக்குத் தங்கச்சியை எப்படீங்க கட்டி வெக்கறது? மனசு கேக்கலீங்க. கூட்டம் மாத்திக் கட்டி வெச்சுப்போட்டேனுங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“எந்த ஆண், எந்தக் கூண்டுன்னு ஞாபகம் இருக்குதா?”

பஞ்சாங்கத்தை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு பரபரவென்று, முன்பே எண்ணி வைத்திருந்த மேல் அடுக்குக் குட்டிகளின் கணக்கைப் பார்த்தார். அதிலும் பூச்சி குறைவு. துள்ளி எழுந்துவிட்டார்.

“அப்பன் மேலடுக்கா இருந்தாலும் சரி, அம்மா மேலடுக்கா இருந்தாலும் சரி, புள்ளைக்குப் பூச்சி கம்மி! அப்ப இது தாய்ப்பால்ல வர்றதில்ல. வம்சந்தான்! அட, அடுத்த மாசம் நானே மாத்திக் கட்டலாம்னு இருந்தனப்பா!”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வம்சம் கலக்காமல் இருக்கத்தான் அண்ணன் தங்கையை ஜோடி சேர்த்தது என்று பிறகு பொறுமையாக விளக்கினார். நல்லவேளை, கலப்பில்லாத எலிகள் இருந்த மற்றக் கூண்டுகளில் நான் கை வைக்கவில்லை. “இனி என்னைக் கேக்காம எந்த எலிக்கும் சம்பந்தம் பேசக் கூடாது” என்பதோடு விட்டுவிட்டார்.

வைகாசியில் என் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தலுக்கே கேட்கும்படி என் மாமனாரிடம், “ரெண்டு பேரும் வேற வேற கூட்டந்தானுங்களே? மாப்பிள்ளை இதுல ரொம்பக் கண்டிப்புங்க” என்றார். என்ன ஏது என்று மாமனார் கேட்க, முழுக் கதையும் வெளியே வந்தது. மணப்பெண் தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது தெரியும்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் மண்ணிலேயே புரண்டு வளர்ந்தவர்கள். ஒருத்தருக்கும் பூச்சித் தொல்லை வந்ததில்லை. எனக்கோ இந்த வயதிலும் வருகிறது. டம்ளரில் விளக்கெண்ணெயோடு வந்து நின்று என் மனைவி சொல்வாள்:

“புள்ளைகளுக்கு எங்க கூட்டத்து ரத்தமுங்க. நீங்க கீழடுக்கு. மூக்கைப் புடிச்சுட்டுக் குடிச்சுப்போடுங்க.”