பிள்ளையாரின் பேரில் நாலு தீர்ப்பு

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
17.10.1991

கள்ளன் எண்டு சொன்னாய் பார், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். பேயன் எண்டு சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறன். உன்ர மாமி முப்பத்தெட்டு வருசமா அதைத்தான் சொல்லுறா. ஆனால் கள்ளன் இல்லை. நான் பதில் சொல்லி முடிக்கமுதல் நீ டெலிபோனை அடிச்சு வைச்சிட்டாய், அதால மிச்சம் கடிதத்தில வருகுது. என்ர எழுத்தை நானே ரெண்டாம் தரம் வாசிக்கமாட்டன் எண்டபடியால் நான் சொல்லச் சொல்ல மாமி பாலாம்பிகைதான் எழுதுறா. முறையாத் தொடங்குங்கோ எண்டு பேனையால மேசையில தட்டுறா. சரி.

அன்பும் பொறுமையும் (இருந்தால்) நிறைந்த மருமகன் யோகராஜாவுக்கு, தாய்மாமன் கனகலிங்கம் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நானும் மாமியும் முழங்கால் தவிர்ந்த மற்றெல்லா இடங்களிலும் நலம். நீயும் தவநாயகியும் அவள் வயிற்றில் வளரும் பிள்ளையும் நலமாக இருக்க விநாயகப் பெருமானை வேண்டுகிறேன். அந்தப் பேரைக் கேட்டுப் பல்லைக் கடிக்காதே, கதையே அவரைப் பற்றித்தான்.

நீ சொன்னது எனக்கு நல்லா விளங்கினது. கோலியர்ஸ் வுட்டில நீ பார்த்து வைச்ச வீட்டுக்குக் கடன் இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஏனெண்டால் உன்ர கிரெடிட் ரிப்போட்டில நாலு கோட்டுத் தீர்ப்பு நிக்குது. நாலும் மிஸ்டர் விநாயகமூர்த்தி எண்ட ஆளின்ர பேரில. நீ மூண்டு வருசம் எங்கட வீட்டில இருந்தனி. ஒரு விலாசத்தில இருந்தவை எல்லாரும் ஒரு சட்டிக் கறி எண்டு அவங்கள் உன்னையும் அந்த ஆளோட சேர்த்துக் கிளறிப்போட்டாங்கள். அந்த ஆளோட உனக்கு ஒரு தொடர்பும் இல்லை எண்டு வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச கடுதாசி அடுத்த வெள்ளிக்குள்ள போகாட்டி வீடு கைவிட்டுப் போயிடும். ஆர் மாமா அந்த விநாயகமூர்த்தி, நான் இருக்கேக்க அப்பிடி ஒரு ஆளை நான் காணேல்லையே எண்டு கேட்டாய். ஒவ்வொரு நாளும் கும்பிட்டனியே எண்டு நான் சொன்னன். அதுக்குத்தான் கள்ளன் எண்டனி.

ஆறுதலாக் கேள். எண்பத்தெட்டாம் ஆண்டு கவுன்சிலில இருந்து ஒரு ஃபோம் வந்தது. இந்த வீட்டில இருக்கிற பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட எல்லாற்ற பேரையும் எழுதட்டாம். நாங்கள் கடைச் சாமானுக்குத் துண்டு எழுதினாலும் மேல பிள்ளையார் சுழி போடாமல் எழுதுவமோ? சுழியைப் போட்டால் வெள்ளைக்காரன் ஏதோ எறும்பு நசிஞ்சுபோச்சு எண்டு நினைப்பான் எண்டுதான் முதல் வரியில பேராவே எழுதினன். வயசு பதினெட்டுக்கு மேல, அதில பொய் இல்லை. எங்கட சாமி அலுமாரிக்குள்ளதான் இருக்கிறார், அதிலயும் பொய் இல்லை. இருக்கிற ஆளை மறைச்சால் குற்றம் எண்டு அந்த ஃபோமிலயே போட்டிருந்தது. சட்டத்துக்குப் பயந்து நடந்தவன் ஐசே நான்! பிறகு தலைக்கு இவ்வளவு எண்டு போல் டாக்ஸ் கேட்டு அவருக்கும் கடிதம் வந்தது. எந்தத் தலைக்கு எண்டு திருப்பிக் கேட்டு எழுதினன். அதுக்கு இன்னும் பதில் இல்லை.

அதுக்குப் பிறகுதான் பகிடி. எனக்கு இந்த நாட்டில பில்லைத் தவிர ஒருத்தனும் கடிதம் போட்டதில்லை. அவருக்கெண்டால் கலர் கலராச் சாமான் படம் போட்ட கட்டலொக் வருகுது. 'மதிப்புக்குரிய மிஸ்டர் விநாயகமூர்த்தி, உங்களைப்போல ஆக்களுக்குத்தான் இந்தச் சலுகை, இப்ப எடுங்கோ, பிறகு கட்டுங்கோ.' சாமிக்கு வந்ததைத் திருப்பி அனுப்புறது முறையோ? அவற்ற பேரில தூசி உறிஞ்சிற ஹூவர் ஒண்டு எடுத்தன். எந்தப் புதுச் சாமானும் அவருக்கு முன்னால வைச்சுப் படைச்சுத்தானே நாங்கள் தொடுறது? இது அவற்ற பேரிலயே வந்து இறங்குது, படைக்கிற வேலையும் மிச்சம். பிறகு ஒரு வீடியோ, ஒரு பெரிய ஃப்றீசர், மாமிக்கு ஒரு தையல் மெசின்.

காசு கட்டேல்லை எண்டு கத்தினாய். கட்டினன்! ஒரு மாசம் தவறேல்லை. கடன் ஆற்ற பேரில? அவற்ற பேரில. அப்ப காசை ஆரிட்டக் குடுக்கிறது? மாசம் பிறந்து முதல் வெள்ளி கோயிலுக்குப் போய் அவற்ற உண்டியலுக்கயே போட்டிட்டு வருவன். கொம்பனிக்குக் கட்டுறது அவற்ற பொறுப்பு. கோட்டுக் கடிதங்கள் வந்தது உண்மைதான். பிறத்தியாற்ற கடிதத்தை உடைக்கிற பழக்கம் எனக்கில்லை, அவற்ற காலடியில வைச்சன். அவர் ஒண்டுக்கும் பதில் போடேல்லை. பதில் போடாட்டித் தோல்வியாம், இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி. நாலு தரமும் அவர் வாயே திறக்கேல்லை, நான் என்ன செய்ய?

போன மாசம் கோட்டால சாமான் தூக்கிற ஆள் ஒருத்தன் வந்தான். கதவளவு உடம்பு.

"மிஸ்டர் விநாயகமூர்த்தி வீட்டிலயோ?"

"வீட்டிலதான். அவர் வெளிக்கிடுறதில்லை."

"நான் அவரோட கதைக்கவேணும்."

"தாராளமாக் கதை. சப்பாத்தைக் கழட்டு."

கழட்டினான் பாவம். அலுமாரியைத் திறந்து காட்டினன். அவரைத் தும்பிக்கையில இருந்து கால் வரைக்கும் பார்த்தான். பிறகு தன்ர ஃபோமை எடுத்து, "இவற்ற பேரில வாகனம் ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டான்.

"இருக்கு. எலி."

அவன் எழுதினான் தெரியுமோ! நான் சிரிப்பை அடக்கேலாமல் இருமினன். மாமி அவனுக்கு மோதகம் குடுத்தா. நாலைத் திண்டிட்டு, ஆள் கதைக்கிறாரில்லை எண்டு எழுதிக்கொண்டு போட்டான்.

இப்ப உன்ர அலுவலுக்கு வாறன். பகிடியை விடு யோகு, உன்ர பிள்ளை அந்த வாடகை அறைக்குள்ள பிறக்கக்கூடாது எண்டு எனக்கும் இருக்கு. ஆனால் என்னட்ட நீ கேக்கிறது என்ன எண்டு யோசிச்சனியோ? பிள்ளையாருக்கும் உனக்கும் தொடர்பே இல்லை எண்டு நான் கையெழுத்து வைக்கவேணும்! அதைக் குடுத்து வாங்கிற வீட்டில ஆற்ற படத்தை முதல் கொண்டுபோய் வைப்பாய்? பால் காய்ச்சேக்க ஆரைக் கூப்பிடுவாய், அந்தக் கடன் குடுத்த மனேஜரையோ? நீ டெலிபோன் அடிச்சதில இருந்து ஒரு கிழமையா எனக்கு நித்திரை இல்லை. கடைசியில அவரையே கேப்பம் எண்டு வெள்ளைப்பூவும் சிவத்தப்பூவும் துண்டில சுத்தி அவற்ற முன்னால போட்டன். வெள்ளை வந்தால் எழுதலாம். சிவப்பு வந்தது. துண்டை நான்தான் வடிவாச் சுத்தேல்லை எண்டு திருப்பிப் போட்டன். சிவப்பு. ஆறாம் தரம் வெள்ளை வந்தது. அவர் களைச்சுப்போனாரோ தெரியாது, ஆனால் சம்மதம் சம்மதம்தான்.

ஆகவே எழுதும் பாலாம்பிகை, நல்ல கொட்டை எழுத்தில எழுதும்: இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எனது மருமகன் யோகராஜாவுக்கும் விநாயகமூர்த்தி என்பவருக்கும் இன்றுவரை எந்தவிதமான

யோகு இது என்ர கையெலுத்து. மாமி பேனையை வைச்சிட்டு எலும்பிப் போட்டா. உதை நான் எலுதமாட்டன் நீங்களே எலுதிக் கட்டிக்கொள்ளுங்கோ எண்டு குசினிக்க சட்டியை உருட்டுறா. நான் போய் சமாதானம் பண்ணிக்கொண்டு வாறன். சகல செல்வமும் பெற்று நீடூளி வாள்க. உன்ர மாமா கனகலிங்கம்.

பி.கு.

தம்பி யோகு, மாமி எழுதுறன். இவர் முத்திரை வாங்கப் போட்டார். மேல உள்ளதை ஒண்டும் யோசியாதை. இவரைக் கதைக்க விடாட்டி இரவு முழுக்க அனுங்குவார், அதால எழுதிக் குடுத்தனான். நீ டெலிபோன் அடிச்ச அடுத்த நாளே அந்தக் கடுதாசி போட்டுது. வீடு என்ர பேரிலயும் இருக்குத்தானே, கையெழுத்து நான் வைச்சன். என்னோட வேலை செய்யிற சரோஜினி இங்கிலிஸில எழுதித் தந்தா. பிள்ளையாரோட தொடர்பில்லை எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை. விநாயகமூர்த்தி எண்டு ஒருத்தரும் இல்லை, அந்தப் பேரில சாமான் எடுத்தது கனகலிங்கம் எண்ட ஆள், கடன் இனி அந்த ஆளின்ர, அவரோட யோகராஜாவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை எண்டு எழுதினம். கை கூசும் எண்டு நினைச்சன், கூசேல்லை. இண்டைக்குக் காலமை அவங்களிட்ட இருந்து எனக்குப் பதில் வந்தது, உன்ர வீட்டுக் கடன் சரியாம். பால் காய்ச்சிற அண்டைக்கு இவரையும் கூட்டிக்கொண்டு வாறன். மனேஜர் வந்து கேட்டால், ஆர் இந்தக் கிழவன் எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொல்லு.