சம்பந்திக்கும் ஜிம்மிக்கும் ஒரே பவுடர்

ஒரு மனிதன் முட்டாளாவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். நல்ல மூக்கு ஒன்று இருந்தால் போதும். எனக்கு இருந்தது. மூளை இருக்கவேண்டிய இடத்திலும் மூக்கே இருந்தது என்பாள் என் தங்கை செல்வி.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ராணி என்றொரு நாய். துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஊதா டப்பாவில் ஒரு பவுடர் கொடுத்தார். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. குளிப்பாட்டிய ராணிக்கு அம்மா அதைத் தூவிவிடுவாள். ராணி போய்ச் சேர்ந்தது. வாசனை மட்டும் என் மண்டைக்குள் குடியேறிவிட்டது. வளர்ந்து, விருத்தாசலம் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராகி (அந்த மிதப்பு வேறு), ஜிம்மி என்ற நாயை வளர்த்தபோதும் அதே பவுடருக்காக மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறுவேன். அங்கே துபாய் சாமான் கடை ஒன்று உண்டு.

"வூட்டுல அம்மாவுக்கா தம்பி?" என்றார் கடைக்கார பாய்.

"நாய்க்கு பாய்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். (என் ரசனையை வியக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்!)

அந்தச் சமயத்தில்தான் செல்வியைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அவளோடு காலேஜில் படித்தவர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி.

"அண்ணா, இந்த எடம் அமையணும். ஒன் நாயக் கட்டிப் போடு. ஒன் வாயையும் சேத்துக் கட்டு" என்றாள்.

கேட்டேனா? வருகிறவர்கள் ஜிம்மியின் அழகைப் பார்க்கவேண்டாமா? குளிப்பாட்டி, பவுடர் தூவி, கூடத்தின் நடுவில் உட்காரவைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்ததுதான் தாமதம், ஜிம்மி ஒரே தாவு. வெள்ளை வேட்டியில் காலை ஊன்றிக்கொண்டு அவர் கழுத்தை நக்க ஆரம்பித்தது.

"யோவ், புடிங்கய்யா!" என்று அலறினார்.

பிடிக்க ஓடினேன். கிட்டே போனதும் அவர் கழுத்திலிருந்து அதே பவுடர் வாசனை! ராணியே வந்து நிற்பதுபோல் இருந்தது. நாயை விட்டுவிட்டு, கண்ணை மூடி, அவர் தோளில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தேன். (வேட்டியில் ஒரு நாய், தோளில் இன்னொன்று.) அதோடு நிறுத்தினேனா?

"ஐயா, நீங்களும் நாய்க்குப் போடுற பவுடருதான் போடுறீங்களா?"

என் அப்பா பஜ்ஜித் தட்டோடு சிலையானார். கதவுக்குப் பின்னால் செல்வி தலையில் அடித்துக்கொண்டது கூடம்வரை கேட்டது. வந்தவர் துண்டை உதறினார்.

"கெளம்புங்க எல்லாரும். இந்த வூட்டுல தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

யாரும் நகரவில்லை. அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து சொல்றேன், அந்தப் பவுடர வுடுங்கன்னு. கேட்டீங்களா? இந்தப் புள்ள வாசப்படியிலயே சொல்லிடுச்சி. போறதுன்னா நீங்க போங்க. நான் பொண்ணப் பாத்துட்டுதான் வருவேன்."

கல்யாணம் நடந்தது, என்னையும் மீறி. சம்பந்தி பவுடரை விட்டார். என்னோடு பேசுவதையும் வெகுநாள் விட்டிருந்தார். இன்று அந்த வீட்டில் பால் திரிந்ததா, குழம்பு ஊசிப்போனதா என்று சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் சம்பந்தியே சாம்பார்ச் சட்டியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாரு. வாயத் தொறக்காத, தலைய மட்டும் ஆட்டு."