காயில்காரர் ஒட்டிய பன்னிரண்டு தாள்கள்

டீக்கடைக்காரரிடம் "இது எந்த மாட்டுப் பாலு, அது என்னத்தத் தின்னுச்சு?" என்று விசாரித்துவிட்டு டீ குடிப்பவர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அருப்புக்கோட்டையில் அவரைக் காயில்காரர் என்றால்தான் தெரியும். கருகிப்போன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். அவர் கடைக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன்.

மோட்டாரோடு வருகிறவர்களையும் விடமாட்டார். "கருகுறதுக்கு முந்தி என்ன சத்தம் குடுத்துச்சு? அதே மாதிரி கத்திக் காமிங்க" என்பார். பெரிய மீசைக்காரர்கள்கூட நடுக்கடையில் நின்று "ர்ர்ரூம்ம்" என்று கத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள், கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டவுனில் அதைச் செய்து தரும் பெண் ஒருவர் இருந்தார். "போய்ப் பேசிருவோமாண்ணே?" என்றேன்.

"என்ன வேணும்னு நமக்கே தெரியாம அந்தப் புள்ளகிட்ட என்னத்தப் பேச? கொத்தனாரு வந்தப்பறமா அடுப்படி எங்கன்னு யோசிப்பாக?"

பழைய காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி, பன்னிரண்டு தாள்களைக் கடைச் சுவரில் ஒட்டினார். ஒரு தாள், வெப்சைட்டில் ஒரு பக்கம். முதல் தாளில் 'எங்கள் வரலாறு', 'எங்கள் சேவை' என்று கட்டங்கள். வருகிறவர் ஒரு கட்டத்தை விரலால் அமுக்க வேண்டும். உடனே இவர் ஓடிப்போய் அதற்குரிய தாளைக் காட்டுவார்.

வீரசோழனிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அமுக்கியபோது இவர் அசையவே இல்லை.

"ஏன் நிக்கிறீக?"

"சிக்னல் கெடைக்கலண்ணே."

பிறகு ஒருநாள், எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஓர் அக்கா ஷேர் ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் புழுதி. காயில்காரர் அவரையும் அமுக்க வைத்தார். ஒவ்வொரு தாளாக நகர்ந்து, தான் கோட்டு போட்டு நிற்கும் போட்டோவில் கொண்டுவந்து முடித்தார்.

"அண்ணே, ஒங்க போட்டோவப் பாத்தா எம் பருத்திக்குத் தண்ணி பாஞ்சிருமா?"

காயில்காரரின் சிரிப்பு நின்றது. "நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்னு வந்தீக தாயி?"

"மோட்டாரு என்னைக்குக் கெடைக்கும்? அதுவரைக்கும் தண்ணிக்கு என்ன வழி? செடி வாடுதுண்ணே, வேறென்னத்தக் கேப்பேன்?"

அவர் சுவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது ரெண்டும் ஒத்தத் தாள்லயும் இல்லையே தம்பி" என்றார் என்னிடம்.

பன்னிரண்டையும் கிழித்தார். நேரே தன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி, அந்த அக்காவின் கிணற்றில் மாட்டிவிட்டு வந்தார். அந்த வாரம் காயில்காரர் தோட்டத்துக் கத்தரிச் செடிகள் காய்ந்தன. வீட்டம்மா நாலு நாள் பேசவில்லை. பருத்தி பிழைத்துக்கொண்டது.

அதன் பிறகுதான் வெப்சைட் செய்யும் பெண்ணைப் பார்க்கப் போனோம். காயில்காரர் ஒரே ஒரு தாளை நீட்டினார். எந்த மோட்டார் என்றைக்குத் தயாராகும், இரவல் கொடுக்க எத்தனை மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஒங்களப் பத்தி ஒரு பக்கம் போடுவோமா சார்?"

"அத யாருமா கேட்டா?"

இப்போது நான் கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கிணறும் இல்லை, தோட்டமும் இல்லை. இருந்தாலும் வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து, காயில்காரரிடம் இன்றைக்கு இரவல் மோட்டார் எத்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.