தஸ்பீஹ் மணிக்குள் இருந்த எறும்பு

சாய்ந்தமருது.

அன்பு மச்சான் ஜுனைட்டுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் தங்கச்சி றம்லா நல்ல சுகம். கொழும்பில் நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். என் சுகத்தை மட்டும் கேட்காதீர்கள். லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து நிற்கும் உங்கள் மகள் அப்னா அதைக் கெடுத்துவிட்டாள். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள் என்றுதான் கடிதம் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

துருக்கியில் வாங்கியதென்று, தொழுதபின் எண்ணி ஓத நீங்கள் தந்த தஸ்பீஹ் மாலையை நான் எப்படிப் பாதுகாக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மரப்பிசின் இறுகிக் கல்லான மணிகள், தலை மணிக்குள் இறக்கை விரித்த எறும்பு, அதற்கு வயது நான்கு கோடி வருடம் என்று நீங்கள் சொன்னதைப் பள்ளிவாசலில் நான் சொல்லாத ஆள் இல்லை. சனிக்கிழமை பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியைத் திறந்து வைக்க அதிபர் ஷரிபுதீன் என்னைக் கூப்பிட்டதே அந்த எறும்புக்காகத்தான். என் பெயர் போட்ட பெனர் மதிலில் தொங்குகிறது. நேற்று அதே அதிபர் எங்கள் வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்க, உங்கள் மகள் ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, பழங்காலத்து எறும்ப இறக்கை நரம்ப வெச்சித்தான் என்ன இனமெண்டு கண்டுபிடிக்கிற. இந்த நரம்பு சேர்ற விதத்தப் பார்த்தா, இது மழைக்கு நம்மட லைட்டுக்கு வாற எறும்பு. இப்பத்தான் புடிச்சி பிளாஸ்டிக்குள்ள போட்டிரிக்கானுகள்" என்றாள். அதிபரின் பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது. "எறும்புக்கு நரம்பு பார்க்க நீ என்ன டொக்டரா புள்ள?" என்று கேட்டேன். "ஓம் மாமா, அதுக்குத்தான் கம்பஸ்ல படிக்கன்" என்கிறாள்! உங்கள் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுகிறாள். பெற்ற வாப்பா வாங்கித் தந்ததைப் போலி என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா வரும்? எனக்காக இல்லை மச்சான், உங்கள் மானத்துக்காகத்தான் கொதிக்கிறேன். சனிக்கிழமைக்கு முன் அவளுக்குக் கோல் எடுத்து நன்றாக ஏசி, அதிபரிடம் போய்ச் சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் எந்த முகத்தோடு ரிப்பன் வெட்டுவது?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பிள்ளைக்குக் கொஞ்சம் அடக்கத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் மக்கீன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. லைட்டைச் சுற்றிய எறும்புகள் சாப்பாட்டு மேசை முழுக்க இறக்கையைக் கொட்டின. அப்னா வைத்துவிட்டுப் போன கண்ணாடியால் ஒன்றைப் பார்த்தேன். பிறகு மணியைப் பார்த்தேன். நரம்புக்கு நரம்பு ஒன்றுதான். ஆகவே பிள்ளையை ஏச வேண்டாம். மேலே உள்ள ஏச்சையெல்லாம் உங்கள் பெயரைப் போட்டு மறுபடி வாசியுங்கள். சனிக்கிழமை நான் திறந்து வைக்கிறேன், அவள் விளக்கம் சொல்கிறாள். மணிக்குக் கீழே வைக்கும் மட்டையும் எழுதியாயிற்று: "போலி. அன்பளிப்பு: ஜுனைட் ஹாஜியார், கொழும்பு."