மில்காரர் சலித்த காற்று

இந்தக் காலத்து மனிதர்களுக்கு மூக்கு இருப்பது மூச்சு விட அல்ல, குறை சொல்ல. ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடுகிறார்கள். மூடிவிட்டுக் காற்றில்லை என்று ஏ.சி. மெஷின் வைக்கிறார்கள். மெஷினுக்குத் தூசி ஆகாதாம், அதன் வாயில் ஒரு ஃபில்டரைக் கட்டுகிறார்கள். அப்புறமும் தும்முகிறார்கள். தும்மிவிட்டுச் சும்மா இருக்கிறார்களா? அதற்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குகிறார்கள்.

மில்காரர் வீட்டில் அந்த ஆள் மில்காரர்தான்.

மாவு மில்லில் சல்லடைப் பிரிவிலேயே ஆயுசைக் கழித்தவர். வேலை முடிந்து மகன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும் அந்த அடுக்குமாடியில் அவருக்கு அதுதான் பெயர். ஒருநாள் காலை மருமகள் ஹாலில் நின்று வரிசையாகத் தும்மினாள்.

"இந்த வீட்டுக் காத்தே எனக்கு ஒத்துக்கல. மாமா பழைய சாக்கு, பழைய சட்டைன்னு எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்காரு. எங்க பாத்தாலும் தூசி" என்றாள். பெட்டியை எடுத்தாள், பேத்தியைக் கையில் பிடித்தாள், தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"காத்து சுத்தமாகட்டும்பா. தானா வந்துடுவா" என்றான் மகன். அவனும் ராத்திரி அங்கேதான் படுத்தான். சாயங்காலம் இங்கே ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

பழைய சாக்கை அன்றைக்கே தூக்கிப் போட்டார் மில்காரர். சட்டைகளையும் போட்டார். வீடு அப்படியும் வீடாக இல்லை. குறட்டை விட்டால் மூக்கைப் பிடித்து "தாத்தா, லாரிய நிறுத்து" என்று எழுப்பப் பேத்தி இல்லை. இஷ்டத்துக்குக் குறட்டை விட்டுத் தூங்கலாம், தூக்கம்தான் வரவில்லை. அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குக் காற்று சுத்தமாக வேண்டும். அவ்வளவுதானே? ஊருக்கே மாவு சலித்த கை இது.

நடைவழிச் சுவரின் மேலே, மெஷின் காற்றை உள்ளே இழுக்கும் சதுரக் கம்பிச் சட்டம் இருந்தது. நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினார். உள்ளே அட்டை விளிம்போடு ஒரு ஃபில்டர், பூனைத் தோல் மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது.

"இதாடா சமாச்சாரம்" என்று பால்கனிக்குக் கொண்டுபோனார். மில்லில் சல்லடை அடைத்தால் தட்டுவார்கள். கம்பியில் வைத்து நாலு தட்டுத் தட்டினார்.

கீழ்வீட்டம்மா அப்போதுதான் துணி காயப்போட்டிருந்தாள்.

"யோவ் மில்காரரே! உங்க வீட்டுத் தூசிய என் தலையில கொட்டவா மேல குடி வந்தீங்க?"

"தூசி என்னம்மா, பொது. காத்து எங்க கொண்டுபோகுதோ அங்க போகும்."

"அப்ப என் வாயும் பொதுதான். மேல வந்து பேசட்டா?"

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். தட்டிய தட்டில் ஃபில்டரின் காகித மடிப்பு ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. திருப்பி மாட்டினார். அதுவரை பிடித்து வைத்திருந்த தூசியெல்லாம் அந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் இறங்கியது. சாயங்காலம் மகன் வாசலில் நின்றே மூக்கை நீட்டினான்.

"அப்பா, முன்னவிட மோசமா இருக்கு."

"நீ வாசல்லயே நின்னா எப்படித் தெரியும்? உள்ள வந்து மோந்து பாரு."

"இங்கயே தெரியுதுப்பா. அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான்.

மறுநாள் ஓட்டைக்குப் பசைநாடா ஒட்டி, ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். அழுக்கு என்றால் துவைக்க வேண்டியதுதானே. காகிதம் என்பது அவருக்குத் தெரியும். கெட்டிக் காகிதம் என்று நினைத்தார். காய்ந்தும் காயாததுமாக எடுத்தபோது மடிப்பெல்லாம் சரிந்து, பாதி தின்ற அப்பளம் மாதிரி இருந்தது. அமுக்கித் திணித்து மெஷினைப் போட்டார். அறைக்கு அறை ஈரக் கோணி வாடை அடித்தது.

மகன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான். "யாராவது நனைஞ்ச நாயைக் கொண்டாந்து கட்டி வெச்சிருக்காங்களா?"

"நாளைக்குப் போயிரும்டா. அவளை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

"இந்த நிலைமையிலயா? நல்லா இருக்கு போங்க" என்றான். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஏதோ ஒரு நிம்மதியும் இருந்த மாதிரிப் பட்டது. வாடையில் தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று விட்டுவிட்டார் மில்காரர்.

இனிக் கடைதான். கடைக்காரன் பல ரகம் எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு எண்.

"இருக்கறதுலயே நெருக்கமான கண்ணு எதுப்பா?"

"இது ஐயா. ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்குப் போடறது. ஆனா உங்க மெஷின் இதை இழுக்குமான்னு பாக்கணும். கண்ணு நெருங்க நெருங்க காத்து வர்றது கஷ்டம். வீட்டுக்கு நடுத்தரமே போதும்."

"நல்லதைக் கேட்டா நடுத்தரத்தைத் தள்ளிவிடப் பாக்கற. தேங்கிப்போன சரக்கா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இந்தக் காலத்துல எவன் எவனுக்கு நல்லது நினைக்கிறான்? இதையே கட்டு. இன்னொண்ணும் சேத்துக் கட்டு."

மில்லில் ஒரு சல்லடையில் விழுந்தது இன்னொரு சல்லடையில் விழும். இரண்டாவதில் வருவதுதான் முதல் தரம். காற்றுக்கு மட்டும் வேறு சட்டமா? ஒன்றின் முதுகில் ஒன்றாக இரண்டையும் மாட்டி, கம்பிச் சட்டத்தை முழங்கையால் இடித்து மூடினார்.

முதலில் மெஷின் விசிலடித்தது. பிறகு முனகியது. அறைகளில் காற்று நின்றேவிட்டது. சலித்த மாவு மெதுவாகத்தானே விழும் என்று விசிறியும் கையுமாக உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. சுத்தமான வியர்வை என்று சமாதானம் செய்துகொண்டார்.

வெயில் ஏறியதும் மெஷினை மறைத்திருந்த கூரைப் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாளி வைத்தார். வாளி போதாமல் அண்டா வைத்தார். அண்டாவுக்கும் வாளிக்கும் நடுவே சொட்டியது கீழே இறங்கிவிட்டது.

"மில்காரரே! அன்னிக்குத் தூசி கொட்டினீங்க, இன்னிக்குத் தண்ணி ஊத்தறீங்க. விதை போட்டா இங்க வெள்ளாமையே எடுக்கலாம்!"

இனி ஒளிய முடியாது. கம்பிச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்குத் தானே போன் போட்டார். மகனிடம் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டு ஒரேயடியாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம்.

வந்த மெக்கானிக் மேலே ஏறி மூடியைத் திறந்து சிரித்தான்.

"ஐயா, உள்ள ஐஸ் கட்டி மலை மாதிரி நிக்குது. மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடச் சொன்னா எது ஓடும்? ரெண்டையும் வேற தலைகீழா மாட்டியிருக்கீங்க. இந்த அம்புக்குறி மெஷின் பக்கம் பாக்கணும். உங்களது உங்களைப் பாக்குது."

"அம்பு எந்தப் பக்கம் பாத்தா என்ன தம்பி, சலிக்கிற வேலைதானே?"

"மாவு மேலேருந்து விழும். காத்தை மெஷின்தான் இழுக்கணும்." ஐஸ் உருகும்வரை காத்திருந்து, துடைத்து, தன் பையிலிருந்து நடுத்தர ஃபில்டர் ஒன்றை எடுத்து மாட்டினான். "கழுவக் கூடாது, தட்டக் கூடாது. அப்பப்போ எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. வெளிச்சம் மறுபக்கம் தெரியலன்னா தூக்கிப் போட்டு வேற மாட்டுங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவு பெரிய கண்ணா இருக்கே. என் விரலே போகும் போலிருக்கு. இதுல தூசி எங்க நிக்கப்போகுது?"

"நிக்கும் ஐயா."

மெஷின் ஓடியது. முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. ஈரக் கோணி வாடை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. மில்காரர் அறை அறையாகப் போய் மூக்கைத் தூக்கி இழுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே அவருக்குக் குறையாக இருந்தது.

"எம் மருமகளுக்குத் தூசின்னா ஆகாது தம்பி. அவ இங்க வந்து நின்னா தும்மமாட்டால்ல? அதை மட்டும் சொல்லு."

மெக்கானிக் ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். மகன், மருமகள், நடுவில் பல் விழுந்த பேத்தி.

"இவங்களா உங்க மருமக? தூசி ஆகாதுன்னு யாரு சொன்னது? போன மாசம் நான் சுவத்துல ஓட்டை போடறப்ப பக்கத்துலயே நின்னுட்டிருந்தாங்களே. அறை முழுக்க சிமெண்ட் தூசி. நான்தான் இருமினேன், அவங்க ஒரு தும்மல்கூடத் தும்மல."

"எந்தச் சுவத்துல?"

"புது வீட்டுலதான். அங்கயும் நாந்தான் மெஷின் மாட்டினேன்."

"எம் மகனுக்குப் புது வீடு கிடையாது. நீ வேற யாரையோ பாத்துட்டு உளர்ற. படத்துல எல்லா மூஞ்சியும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்" என்றார் மில்காரர். கழற்றிப் போட்ட ஃபில்டர் இரண்டையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பால்கனிப் பக்கம் நடந்தார்.

"உங்க மகனேதான் ஐயா" என்றான் மெக்கானிக் கருவிகளைப் பையில் போட்டபடி. "எந்த சைஸ் மெஷின் வைக்கலாம்னு பாக்க, வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டேன். 'மூணே பேருதான், இனி யாரும் வரப்போறதில்ல, சின்னதா போடு'ன்னாரு."