எருமைத் தோலும் எழுந்த பண்ணையாரும்

தன் வாடை தனக்குத் தெரியாது. இதை நான் ஒத்துக்கொள்ள ஒரு ரேடியோ நாடகமும் அரைகுறையாக ஒரு கொலையும் தேவைப்பட்டன.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் குமாஸ்தா. ஆற்காட்டில் ஆபிரகாம் என்ற பள்ளி வாத்தியாரின் மகள் ரூத்தை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். அவளை ஆராதனையில் ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியாரோ, “பையன் தங்கமானவன்தான். பக்கத்துல ஒக்காந்தாதான் தோல் வாடை தாங்கல. ஈஸ்டருக்கு அப்புறம் சொல்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். (ஷாப்பில் நாலு பேரை மோந்து பார்க்கச் சொன்னேன். நாலு பேரும் ஒன்றுமே இல்லை என்றார்கள். அவர்களும் தோல் ஷாப்புக்காரர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்து ரேடியோவில் வேலை பார்த்த என் பள்ளித் தோழன் காதர் கடிதம் போட்டான். ‘களத்துமேட்டுக் கொலை’ என்று ஒரு நாடகம். கிராமத்துப் பண்ணையாரை யாரோ தடியால் அடித்துக் கொல்கிறார்கள். ஊர்த் தலையாரி துப்புத் துலக்கிக் கொலைகாரனைப் பிடித்து இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைக்கிறான். தலையாரி வேஷம் எனக்கு. தலைகால் புரியவில்லை. ரேடியோவில் குரல்தானே போகும், வாடை போகாதே. உடனே வாத்தியாருக்கு ஒரு கார்டு எழுதினேன். பக்கத்து டாக்டர் வீட்டு ரேடியோவில் குடும்பத்தோடு கேட்பதாகப் பதில் வந்தது.

அடி விழும் சத்தம்தான் சரியாக வரவில்லை, தலையணையை அடித்தால் தலையணை மாதிரியே கேட்கிறது என்று காதர் புலம்பியிருந்தான். கவலையை விடு என்று எழுதினேன். ஈர எருமைத் தோலைத் தடியால் ஓங்கி அடித்தால் கேட்கிறவனுக்கே முதுகு வலிக்கும். ஷாப்பில் மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒரு தோலைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். காட்பாடியில் என் பெட்டி காலியாகிவிட்டது. பட்டணம் வரைக்கும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனேன். ஜனங்களுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

காதர் சாக்கை அமுக்கிப் பார்த்து, “சோக்கா இருக்குது தோஸ்த்” என்றான். (அவனும் ஆம்பூர்க்காரன்.)

நாடக அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கனத்த துணி. சத்தம் மைக்கில் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். அப்போதெல்லாம் பேசப் பேச நாடகம் நேராகக் காற்றில் போய்விடும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. விளக்கு எரிந்தது. காதர் சாக்கைப் பிரித்தான்.

முதல் அடி விழுந்தது. சத்தம் பிரமாதம். கூடவே சுண்ணாம்புத் தண்ணீர் பண்ணையாராக நடித்தவரின் சட்டையெல்லாம் தெறித்தது. இரண்டாவது அடியில் பண்ணையார் செத்துப்போனார். அவர் மனைவியாக நடித்த அம்மாள் ஒப்பாரி வைக்க வாயைத் திறந்து, உடனே முந்தானையால் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். பிறகு செத்துப்போன பண்ணையார் மைக்குக்கு நேராகப் பேசினார்.

“கதவத் தொறங்கப்பா, மூச்சு முட்டுது.”

ஆற்காட்டில் ரூத் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படியாவது நாடகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். “இன்ஸ்பெக்டர் ஐயா, பண்ணையாருக்கு இன்னும் உசிர் இருக்குதுங்க.”

அதோடு கதை கெட்டது. கொன்றது யார் என்று தேடுவதுதான் மிச்சமிருந்த இருபது நிமிஷமும். இன்ஸ்பெக்டராக நடித்தவர் மூக்கைப் பிடித்தபடி, வேறு வழியில்லாமல் கேட்டார். “உங்கள அடிச்சது யாருங்க?”

பண்ணையார் நாடகத்தையே மறந்திருந்தார். “இதோ நிக்கிறானே, இந்தத் தலையாரிதான். ஆம்பூர்லருந்து நாத்தத்த மூட்ட கட்டிக்கினு வந்து எல்லாரையும் கொல்றான். இவனப் புடிங்க சார்.”

என்னைக் கைது செய்தார்கள். மிச்ச நேரத்துக்கு வயலின் வாசித்தார்கள். (வேறு அறையில் உட்கார்ந்து.)

எல்லாம் போயிற்று என்றுதான் ஊர் திரும்பினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்ததும் ஆற்காட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மூன்று தடவை குளித்துவிட்டுப் போய், வாத்தியாரிடமிருந்து முடிந்த மட்டும் தள்ளி உட்கார்ந்தேன்.

“ரேடியோவுல வாடை வராதுன்னு நம்பித்தான் கேக்க ஒக்காந்தேன்” என்றார் அவர். “நீங்க அதையும் வரவெச்சிட்டீங்க தம்பி.”

நான் எழுந்துகொண்டேன். “வர்றேங்க.”

“ஒக்காருங்க. எனக்கு இப்பவும் மனசில்ல. ஆனா அன்னிலருந்து ரூத்து நெனச்சி நெனச்சி சிரிக்குது. அவங்கம்மா காலமானதுக்கு அப்புறம் இந்த வூட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டதில்ல. இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.”

கல்யாணம் நடந்தது. இப்போது நான் ஷாப்பை விட்டே பதினைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் வெளியே போய் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், உள்ளேயிருந்து ரூத் குரல் கொடுப்பாள். “கதவத் தொறங்கப்பா, மூச்சு முட்டுது.” பேரன் பேத்திகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, தலையாரியைக் கைது செய்து அவளிடம் ஒப்படைப்பார்கள்.