அனுமதி அட்டைக்கு ஓர் அர்ச்சனை

போன வருடம் நவம்பர் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வழமைபோல விடிய எழுந்து முற்றம் கூட்டி, தேநீர் வைத்து, நாட்காட்டியின் பழைய தாளைக் கிழித்து நான்காக மடித்துக் கூடையில் போட்டேன். (கசக்கி எறிவது என் கணவரின் வழக்கம்.) அப்படிப்பட்ட என்னைத்தான் சொந்தபந்தமெல்லாம் கவனமில்லாத தாய் என்கிறது. இதைவிட அநியாயம் உண்டா?

மறுநாள் மகள் தர்சினிக்கு உயர்தரப் பரீட்சை. இரண்டாம் முறை. முதல் முறை மருத்துவ பீடம் கொஞ்சத்தில் தவறிப்போனதால், இம்முறை எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுவதில்லை என்றிருந்தேன். பேனைகளையும் பரீட்சை அனுமதி அட்டையையும் கோயிலில் வைத்து அர்ச்சனை செய்வது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"அட்டையின்ர போட்டோக்கொப்பியைக் கொண்டுபோமன்," என்றார் கணவர்.

"போட்டோக்கொப்பிக்கு அர்ச்சனை செய்தா போட்டோக்கொப்பிதான் பாஸாகும்," என்றேன். பிளாஸ்டிக் உறையையும் கழற்றி வீட்டிலேயே வைத்தேன். அருள் உறையோடு நின்றுவிடக் கூடாதே.

கோட்டைக்குள் இருக்கும் மலைக்கோயிலில் அர்ச்சனை சிறப்பாகவே நடந்தது. ஐயர் அட்டையில் பாடங்களின் பெயருக்கு மேல் சந்தனம்கூட வைத்தார். தட்டோடு இறங்கி வருகிறேன், கொழும்பில் இருந்து வந்த ஒரு பெண், கோட்டைக்குள் கட்டில்லாமல் திரியும் மான்களில் ஒன்றுக்குக் கடலையைப் பொலித்தீன் பையோடு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டை மதிலில் வைத்துவிட்டு, பொலித்தீன் மானின் வயிற்றில் போய் என்ன செய்யும் என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். அவளோ என் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். மரியாதை தெரியாதவள் என்று நினைத்தேன்.

"அக்கா, கோவிக்காதீங்க. உங்க தட்டு..." என்றாள்.

திரும்பினேன். வாழைப்பழம் இல்லை, வெற்றிலை இல்லை. கொம்பு வைத்த மான் ஒன்று என் மகளின் உயிரியலையும் பௌதிகவியலையும் ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. நான் இழுக்க, அதுவும் இழுக்க, எனக்குக் கிடைத்தது இரசாயனவியல் மட்டும். (அதற்கும் அது கசந்திருக்க வேண்டும்.) யாருடைய வயிற்றுக்காக நடுவீதியில் நின்று வாதாடினேனோ, அந்த இனமே இப்படிச் செய்தால் மனிதர் யாரை நம்புவது?

வீட்டில் தர்சினி அந்தத் துண்டைப் பார்த்தாள். அழாமல் அதைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். அதுதான் பயமாக இருந்தது. ஒரு வருடப் படிப்பு மானின் வயிற்றுக்குள் போய்விட்டதோ என்று போனைத் தேடி எடுத்துக் கணவரின் கையில் திணித்தேன். கணவர் பாடசாலை அதிபருக்குப் போன் எடுத்தார். அதிபர் சிரித்து முடியும்வரை காத்திருந்தோம்.

"பிள்ளை ஐடென்டிட்டி கார்ட்டோட வரட்டும், நான் கடிதம் தாறன். எழுத விடுவினம்," என்றார். "ஆனா என்ன நடந்ததெண்டு அம்மா எழுதி ஒப்பம் வைச்சுத் தரவேணும்."

'மேற்படி அட்டையை மான் உண்டுவிட்டது' என்று என் முத்தான கையெழுத்தில் நானே எழுதினேன். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையில் இருக்க முன்னமே, "மானுக்கு றிசல்ட் வந்திட்டுதோ?" என்கிறார்கள். பொலித்தீன் கொடுத்தவளை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

பரீட்சை அன்று விடிந்ததும் முதல் வேலையாக, மகள் என் முன்னால் வந்து திருநீறு பூச நெற்றியை நீட்டினாள். அடையாள அட்டையை மட்டும் இரண்டு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.